கூனிப்பாறை ஸ்டோரும் வாச்சர் சின்னராசாவும்

உடப்புசல்லாவை டவுனிலிருந்து நாலு கட்டை தூரம் மேலே ஏறினால் கூனிப்பாறைத் தோட்டம். அங்கே தேயிலைத் தொழிற்சாலையைத் தொழிற்சாலை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஸ்டோரு என்பார்கள். ஒரு பாறைத் தட்டின் மேல் மூன்று மாடியாக நிற்கும். இரும்புத் தூண்கள், பலகைத் தளம், தகரக் கூரை, நாலு பக்கமும் வரிசை வரிசையாகக் கண்ணாடிச் சன்னல். முகப்பில் 1927 என்று சிமெந்தில் எழுதியிருக்கும். கட்டியவர் யார், கல் சுமந்தவர் யார் என்று தோட்டத்தில் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் அதன் சங்குச் சத்தம் கேட்டுத்தான் மூன்று தலைமுறை வேலைக்குப் போனது.

அந்த ஸ்டோரை மூடியபோது சின்னராசாவுக்கு முப்பத்தாறு வயது. வேலை பிரிக்கிற காலைப் பெரட்டில் ஆட்களை நிறுத்தி வைத்துக்கொண்டு, மேற்பார்வை பார்க்கிற கண்டாக்கு விஷயத்தைச் சொன்னார். இனிமேல் தேயிலைக் கொழுந்து லொறியில் பக்கத்துத் தோட்டத்துக்குப் போகும். இங்கே வேலை செய்தவர்கள் எல்லாம் மலை வேலைக்குப் போகவேண்டும். ஒரு வாரத்தில் ரோதைச் சக்கரங்களையும் மெஷின்களையும் கழற்றி ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சின்னராசாவை மட்டும் மலைக்கு அனுப்ப முடியவில்லை. கொழுந்து அரைக்கிற மெஷினில் மாட்டி அவருடைய இடது கையில் இரண்டு விரல் போயிருந்தது. மண்வெட்டி பிடிக்க வராது. அதனால் வாச்சர் வேலை கொடுத்தார்கள். அப்போது தோட்டத்தை நடத்திய தொரை சாவிக் கொத்தைக் கையில் கொடுத்து இரண்டே வார்த்தை சொன்னார்.

"உள்ளே ஒருத்தரையும் விடாதே. ஒரு ஆணிகூட வெளியே போகக்கூடாது."

வேலை அவ்வளவுதான். வாசலில் ஒரு வாங்குப் பலகை போட்டு உட்கார்ந்திருந்தாலே போதும். ஆனால் பத்தொன்பது வயதிலிருந்து அந்தக் கட்டடத்துக்குள் வளர்ந்தவர் அவர். கொழுந்தைப் பரப்பி வாட்டுகிற மேல்மாடியில்தான் முதலில் பேர் போட்டு வேலைக்கு வைத்தார்கள். எந்தப் பலகை மிதித்தால் கத்தும், எந்தச் சன்னல் இழுத்தால் வராது, எந்த மூலையில் காற்று சுற்றி வரும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அதைச் சும்மா பூட்டிப் பார்த்துக்கொண்டிருக்க அவரால் முடியவில்லை.

முதல் வருஷத்து மழையிலேயே அது விளங்கிவிட்டது. சவுக்கு மரத்து இலை விழுந்து விழுந்து கூரைத் தண்ணீர் இறங்குகிற பீலி அடைத்துக்கொண்டது. தண்ணீர் போக வழியில்லாமல் உள்ளே புரண்டு மேல்மாடியின் வடக்கு மூலையில் வடிந்தது. சின்னராசா அதைக் கவனித்தபோது ஒரு மாதம் ஆகியிருந்தது. பலகையில் கை வைத்துப் பார்த்தார். நனைந்த சாக்கு மாதிரி இருந்தது. மூன்று பலகை போயே போய்விட்டது. வேறு யாராவது செய்த பிழை என்றால் திட்டித் தீர்த்திருப்பார். காவல் இருந்தவர் அவர்தானே. யாரைத் திட்டுவது?

ஆபீசுக்குப் போய்ப் பெரிய கிளாக்கரிடம் சொன்னார்.

"ஒனக்குக் குடுத்த வேலை காவல். கூரை மேல ஏறச் சொல்லி யாராச்சும் சொன்னாங்களா?" என்றார் கிளாக்கர்.

யாரும் சொல்லவில்லைதான். மறுநாள் காலையில் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு ஏறினார். நாலு சாக்கு இலையும் பாசியும் அள்ளினார். அன்றிலிருந்து வருஷத்துக்கு இரண்டு தடவை, பெருமழைக்கு முன்னாலும் பின்னாலும், யாரும் சொல்லாமலே ஏறிக்கொண்டிருந்தார். வெயில் அடிக்கிற நாளில் காலை எட்டு மணிக்கு ஒவ்வொரு சன்னலாகத் திறப்பார். மூன்று மணிக்கு மூடுபனி இறங்குவதற்கு முன்னால் ஒவ்வொன்றாக அடைப்பார். மொத்தம் நூற்றிப் பன்னிரண்டு சன்னல். கண்ணாடி உடைந்த இடத்தில் பால்மா டின்னை வெட்டி அடித்தார்.

தாருக்கும் ஆணிக்கும் டவுனில் பக்கீருடைய ஹார்ட்வெயார் கடை இருந்தது. பக்கீர் இவரைவிடக் கொஞ்சம் இளையவர். அடிவண்டலாக மிஞ்சிய தாரு வாளி, கண்ணாடி ஒட்டுகிற மக்கு பாதி காய்ந்த டின், வளைந்த தகரத் துண்டு, இப்படி விற்க முடியாததையெல்லாம் ஒரு மூலையில் சேர்த்து வைத்திருப்பார். சின்னராசா கடைக்குள் கால் வைத்ததும், "என்ன சின்னராசாண்ணே, ஸ்டோருக்கு ஒடம்பு எப்படி இருக்கு?" என்று வீட்டில் படுத்திருக்கிற ஆளை விசாரிக்கிற மாதிரி கேட்பார்.

"கெழக்குப் பக்கம் கொஞ்சம் சளி" என்பார் சின்னராசா. ஒழுகுகிறது என்று அர்த்தம். பக்கீர் வாளியை எடுத்துக் கொடுப்பார். பேரிக்காய்க் காலத்தில் சின்னராசா ஒரு பை கொண்டுபோய்க் கடை மேசையில் வைத்துவிட்டு வருவார்.

வீட்டில்தான், லயத்து வரிசையில் அவர்கள் இருந்த ஒற்றை அறைக் காம்பராவில்தான், இது எடுபடவில்லை. மனைவி ஜீவராணி கொழுந்து எடுக்கிறவள். வாயும் கையும் ஒரே வேகத்தில் ஓடும்.

"நம்ம காம்பராவுல மூணு எடத்துல சட்டி வச்சிருக்கேன். அங்க போயி அந்த மகராசிக்குத் தாரு பூசுறீங்க. நானும் ஸ்டோராப் பொறந்திருக்கலாம்."

"இரு புள்ள, மிச்சம் கொண்டாந்து பூசுறேன்."

"ஆமா, எனக்கு எப்பவும் மிச்சம்தான்."

அவர் பூசாமல் இல்லை. பூசுவார். ஆனால் ஸ்டோருக்கு அடுத்தபடியாகத்தான்.

ஊரில் அவருக்கு 'ஸ்டோரு தொரை' என்று பட்டப்பேர் விழுந்தது. பிரியத்தில் பாதி, கடுப்பில் பாதி. கடுப்புக்குக் காரணம் இருந்தது. அவர் ஒருத்தரையும் உள்ளே விட மாட்டார். ஜீவராணியின் அண்ணன் மகள் நிஷாந்திக்குக் கல்யாணம் வைத்தது ஒரு ஐப்பசி மாதம். வானம் ஒரு வாரமாகக் கறுத்துக் கிடந்தது. நிஷாந்தி நேரிலேயே வந்து கேட்டாள்.

"மாமா, ஒரே ஒரு நாளைக்குக் கீழ்மாடிய மட்டும் தாங்க. கூட்டிப் பெருக்கி நானே சாவியக் குடுத்துர்றேன்."

"ஆர்டர் இல்லம்மா" என்றார் சின்னராசா.

ஆர்டர் இல்லை என்பது உண்மை. ஆபீசில் கேட்டிருந்தால் கிடைத்திருக்கலாம் என்பதும் உண்மை. அவர் கேட்கவில்லை. நூறு பேர் ஏறி மிதித்துப் பலகைக்கு ஏதும் ஆகிவிடுமோ, சோடனை கட்ட ஆணி அடிப்பார்களோ என்ற பயம் அவருக்கு. கல்யாணத்தன்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. பந்தல் கிழிந்து, வாழை இலையில் சோற்றோடு தண்ணீரும் நின்றது. பந்தியில் இருந்தவர்கள் இலையைத் தூக்கிக்கொண்டு லயத்து இஸ்தோப்புத் திண்ணைக்கு ஓடினார்கள். மேட்டில் ஸ்டோர் நூற்றிப் பன்னிரண்டு சன்னலையும் சாத்திக்கொண்டு உள்ளே ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் நின்றது. ஜீவராணி பத்து நாள் அவரோடு பேசவில்லை. சோறு வைப்பாள். தட்டை வைக்கிற சத்தத்திலேயே எல்லாம் சொல்லிவிடுவாள். அந்தப் பத்து நாளில் அவருக்குத் தன் மேலேயே ஒரு வெறுப்பு வந்தது. ஆனாலும் கதவைத் திறந்திருக்கலாம் என்று வாய்விட்டுச் சொல்ல வரவில்லை.

இப்படியே இருபத்தொரு வருஷம் ஓடியது. தொரைமார் மாறினார்கள். ஒரே மகள் இறம்பொடையில் வாழ்க்கைப்பட்டாள். சின்னராசாவுக்குத் தலை நரைத்தது. ஒரு காலையில் டவுனிலிருந்து இரண்டு பேர் அளவு நாடாவோடு வந்து தூண்களை அளந்தார்கள். ஒருவர் இரும்பைத் தட்டித் தட்டிப் பார்த்து எழுதிக்கொண்டார்.

"எதுக்குங்க அளக்குறீங்க?" என்று கேட்டார் சின்னராசா.

"கழட்டத்தான். தை மாசம் வேலை தொடங்கும். ஒங்களுக்குச் சொல்லலியா?"

அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. மறுநாள் தொரையின் பங்களாவுக்குப் போய் வெளியே நின்றார். இப்போதிருக்கிற தொரை சிங்களவர், காலிப் பட்டணத்திலிருந்து வந்தவர். தமிழ் நன்றாகப் பேசுவார். கதிரை போட்டு உட்காரச் சொன்னார். சின்னராசா உட்காரவில்லை.

"தொரை, ஸ்டோரைக் கழட்டப் போறாங்களாம்."

"தெரியும் சின்னராசா. எனக்கும் விருப்பமில்லே. ஆனா கொழும்புக் கம்பனியில ஒரு கேள்வி கேக்குறாங்க. சும்மா நிக்குற கட்டடத்தை எதுக்கு வச்சிருக்கீங்கன்னு. நான் என்ன சொல்லட்டும்?"

சின்னராசா யோசித்தார். பலகை நல்ல பலகை என்று சொல்லலாம். ஒழுகாது என்று சொல்லலாம். எதுவுமே அந்தக் கேள்விக்குப் பதிலாக இல்லை. "சரிங்க தொரை" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தார். ஆனாலும் அந்த வருஷமும் மழைக்கு முன்னால் பீலி துப்புரவு செய்தார். இடிக்கப்போகிற கட்டடத்துக்கு எதற்கு என்று ஜீவராணி கேட்கவில்லை. கயிற்றின் மறு முனையை அவளே கீழே நின்று பிடித்துக்கொண்டாள்.

கார்த்திகையில் மழை வந்தது. மழை அந்த மலைக்குப் புதிதல்ல. ஆனால் மூன்று நாள், மூச்சு விடாமல், வாளியைக் கவிழ்த்த மாதிரி பெய்வதை யாரும் பார்த்ததில்லை. மூன்றாம் நாள் காலையில், பள்ளத்தில் இருக்கிற பணிய லயத்துக் குழாயில் செம்மண் குழம்பு வந்தது. ஜீவராணி குடத்தை அப்படியே வைத்துவிட்டு லயத்துக்குப் பின்பக்கம் போய்ப் பார்த்தாள். மேட்டு நிலம் வெடித்து, பிளவில் கை நுழைகிற அளவுக்கு இருந்தது. டவுனுக்குப் போகிற பாதை முந்தின நாளே உடைந்துவிட்டது. ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற பள்ளிக்கூடத்துக்குப் போக வழியில்லை. போனும் வேலை செய்யவில்லை.

அவள் லயம் லயமாகப் போய்க் கதவைத் தட்டினாள். "அடுப்ப அப்படியே விடுங்க. அடையாள அட்டைய மட்டும் எடுத்துக்கிட்டு ஸ்டோருக்கு வாங்க" என்றாள். கோழி, பாய், பிறப்புச் சான்றிதழ், சாமி படம் என்று கைக்கு அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு சனம் மேட்டில் ஏறியது.

சின்னராசா வாசலில் நின்றுகொண்டிருந்தார். முதலில் வந்தது நிஷாந்தி. முந்தானைக்குள் மூன்று வயது மகள். அவளுக்குப் பின்னால் நூற்று முப்பது பேர். எல்லோரும் நனைந்து, அவர் கையில் இருந்த சாவியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நிஷாந்தி எதுவும் கேட்கவில்லை. முன்பு ஒரு தடவை கேட்டவள் அவள்.

அவர் பூட்டைத் திறந்தார். இரண்டு கதவையும் விரியத் தள்ளினார். சனம் படியில் கால் வைக்கும்போது, என்ன பேசுகிறோம் என்று தெரியாமலே, "செருப்பக் கழட்டிட்டு ஏறுங்க" என்றார்.

அந்த மழையிலும் நூற்று முப்பது பேரும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறினார்கள். இப்போதும் கூனிப்பாறையில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

நாலு மணி இருக்கும். மலை ஒரு பெரிய லொறி கல் கொட்டுகிற மாதிரிச் சத்தம் போட்டது. மேல்மாடிச் சன்னல் வழியாக எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேட்டு நிலம் மரங்களோடு நகர்ந்து வந்து பணிய லயம் இரண்டையும் மூடிக்கொண்டு ஆற்றுக்கு இறங்கியது. சின்னராசாவும் ஜீவராணியும் முப்பத்தைந்து வருஷம் குடியிருந்த காம்பரா அதில் ஒன்று. யாரும் அழவில்லை. தலைகளை எண்ணினார்கள். எண்ணி முடித்து, ஒருத்தர்கூடக் குறையவில்லை என்று தெரிந்த பிறகுதான் அழுதார்கள். ஸ்டோரின் தளம் லேசாக அதிர்ந்தது, அவ்வளவுதான். பாறை மேல் நின்றது.

நாலாம் நாள் தொரை வந்தார். டவுனில் மாட்டிக்கொண்டவர், வாகனம் வராமல் காட்டுப் பாதையில் ஆறு மணி நேரம் நடந்து வந்திருந்தார். கால்சட்டை முழங்கால் வரை சேறு. கதவு திறந்து கிடப்பதையும், உள்ளே சேலைகள் தொங்குவதையும், கோழிகள் திரிவதையும் பார்த்தார்.

"யார் திறந்தது?"

"நாந்தாங்க தொரை. ஆர்டர் இல்லாமத்தான் தொறந்தேன்."

தொரை ஜீவராணி கொடுத்த ரொட்டியை நின்றபடியே தின்றார். போகும்போது, "சாவி ஒங்கிட்டயே இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னார்.

அந்தக் குடும்பங்கள் ஸ்டோரில் ஐந்து மாதம் இருந்தன. அந்த ஐந்து மாதமும் சின்னராசாவுக்கு ஒரு கண்ணில் சந்தோஷம், ஒரு கண்ணில் உயிர் போகிற வேதனை. பெண்கள் கயிறு கட்டிச் சேலை போட்டுக் காம்பரா பிரித்தார்கள். இரும்புத் தூணில் கட்டியபோது பொறுத்துக்கொண்டார். மரச் சட்டத்தில் முதல் ஆணி இறங்கியபோது ஓடிப் போனார். அடித்துக்கொண்டிருந்தது நிஷாந்தி.

"நிஷாந்தி, அது தொண்ணூறு வருஷத்து மரம்."

"அதான் மாமா இவ்வளவு பலமா இருக்கு" என்று அடுத்த ஆணியை வாயிலிருந்து எடுத்தாள். பிறகு சிரித்துக்கொண்டே சொன்னாள்: "கல்யாணத்துக்கு ஒரு நாள் கேட்டேன், தரல. இப்ப குடியே வந்துட்டேன் பாத்தீங்களா?"

சுத்தியலை வாங்கி மிச்ச ஆணியை அவரே அடித்துக் கொடுத்தார். அவர் கேட்ட மன்னிப்பு அதுதான். அவளுக்கும் அது புரிந்தது.

புழங்கப் புழங்க அந்தக் கட்டடம் ஒவ்வொன்றாகத் தன்னைக் காட்டிக்கொடுத்தது. கொழுந்து காய வைக்க விறகு எரித்த பழைய அடுப்பறையில் சமைத்தார்கள். உயரமான புகைக்கூண்டு புகை முழுவதையும் இழுத்துக்கொண்டு போனது. லயத்து அடுப்பில் கண் எரிந்தே பழகிய பெண்களுக்கு அது பெரிய அதிசயமாக இருந்தது. மேல்மாடியில் துணி போட்டால், வெளியே பனி மூடிக் கிடந்தாலும், மறுநாள் காய்ந்துவிடும்.

"ஈரக் கொழுந்த வாட்டுறதுக்குக் கட்டின மாடி. ஒங்க சேலைய வாட்டாதா?" என்று சின்னராசா பெருமையோடு சொல்லுவார். இருபத்தொரு வருஷம் அவர் வாங்கில் தனியாக உட்கார்ந்து தனக்குத் தானே பேசிக்கொண்டதையெல்லாம் கேட்க இப்போது ஆள் இருந்தது.

மலையைச் சோதிக்கக் கண்டியிலிருந்து ஒரு குழு வந்தது. அதில் சுலக்ஷனா என்று ஒரு பொறியியலாளர். முப்பது வயதுப் பெண். ஸ்டோர் நிற்கிற இடம் பாறை என்பதால் பயமில்லை என்று சொன்னவள், கட்டடத்தையும் சுற்றிப் பார்த்தாள். தூணைத் தட்டினாள். பலகை இடுக்கில் கத்தி முனையை விட்டுப் பார்த்தாள். பிறகு தொரையிடம் கேட்டாள்.

"இருபது வருஷத்துக்கு மேல பூட்டிக் கெடந்ததுன்னு சொன்னீங்களே. இதைப் பராமரிச்சது யாரு?"

தொரைக்குத் தெரியவில்லை. ஆபீசில் அப்படி ஒரு வேலை நடந்ததாக எங்கும் எழுதியிருக்கவில்லை. அடுப்படியிலிருந்து ஜீவராணி கரண்டியாலேயே புருஷனைக் காட்டினாள். "அந்தா நிக்கிறாரே, அவருதான். பொண்டாட்டிய விட்டுட்டு இதைத்தான் பாத்துக்கிட்டாரு."

சுலக்ஷனா அவரோடு கூரை வரை ஏறினாள். இரண்டு மணி நேரம் கழித்து இறங்கி வந்து தொரையிடம் சொன்னது தோட்டத்தில் எல்லோருக்கும் மனப்பாடம். "இந்த மரம் இன்னைக்குத் தேடினாலும் கெடைக்காது. இவ்வளவு எடம் புதுசாக் கட்டணும்னா இன்னொரு மலைய வெட்டணும். வெட்டினா என்ன நடக்கும்னு பாத்துட்டீங்க. இங்க கட்டடம் ஏற்கெனவே நிக்குது. வேலை குடுங்க, அது செய்யும்."

தொரை கொழும்புக்கு எழுதினார். இந்தத் தடவை அவருக்கு எழுதப் பதில் இருந்தது. இரும்புக்கு விற்கிற யோசனையை நிறுத்தினார்கள். பின்பக்கத்து மெஷின் கொட்டகையை மட்டும் இடிக்க விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. அதன் சுவர் சாய்ந்திருந்தது. மற்றதைத் தோட்டத்துச் சனத்தின் பயன்பாட்டுக்கு விடுவதாக முடிவானது. என்ன வேண்டும் என்று கேட்கக் கூட்டம் வைத்தார்கள். பெண்கள்தான் அதிகம் பேசினார்கள். கீழே பிள்ளைக்காம்பரா வேண்டும், வேலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட. கிளினிக் வேண்டும். கல்யாணம் காட்சிக்கு மண்டபம் வேண்டும். கக்கூஸ் வேண்டும். மேல்மாடிக்கு வயிற்றுப் பிள்ளைக்காரி ஏறுகிற மாதிரி ஒரு நல்ல படிக்கட்டு வேண்டும். இருந்தது ஏணி மாதிரிச் செங்குத்துப் படி.

படிக்கட்டு என்றதும் சுலக்ஷனா வரைபடத்தைக் காட்டினாள். தளத்தில் எட்டடிக்கு நாலடி வெட்டவேண்டும். சின்னராசா எழுந்து நின்றார்.

"பலகைய வெட்டவா? மழையிலயும் வெயில்லயும் இவ்வளவு காலம் காப்பாத்துனது இப்ப வெட்டுறதுக்கா?" என்றார். வெளியே போய்விட்டார்.

இரண்டு நாள் ஸ்டோர்ப் பக்கமே வரவில்லை. அப்போது தங்கியிருந்த மச்சான் வீட்டு இஸ்தோப்பில் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் காலையில் ஜீவராணி பிளேன்டீயோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அன்றைக்கு அவள் கத்தவில்லை.

"ஏங்க, ஒண்ணு கேக்கட்டுமா? பலகை கெட்டுப்போகக் கூடாதுன்னு பாத்தீங்க. சரி. யாரு நடக்குறதுக்குன்னு அதைப் பாத்துவச்சீங்க?"

அவர் டீயைக் குடித்து முடித்தார். கோப்பையைக் கவிழ்த்து வைத்தார். எழுந்து ஸ்டோருக்கு நடந்தார். மேசன்மார் வேலை தொடங்கக் காத்திருந்தார்கள். சுலக்ஷனாவைக் கூப்பிட்டு வடக்கு மூலைக்குப் போனார்.

"மேடம், வெட்டத்தான் வேணும்னா இங்கன வெட்டுங்க. மொத வருஷம் நான் கவனிக்காம விட்டதுல ஊறிப்போன பலகை மூணு இங்கதான் இருக்கு. பக்கத்துல உள்ளதும் அவ்வளவு நல்லா இல்ல. மத்ததெல்லாம் இன்னும் நூறு வருஷம் நிக்கும்."

சுலக்ஷனா வரைபடத்தைப் பார்த்தாள், மூலையைப் பார்த்தாள். "இது நான் போட்ட எடத்தைவிட நல்ல எடம் ஐயா. சன்னல் வெளிச்சம் நேரா படியில விழும்" என்றாள். மரியாதைக்குச் சொல்கிறாளோ என்று அவருக்குச் சந்தேகம். ஆனால் படிக்கட்டு அங்கேதான் வந்தது. வெட்டின பலகையில் நல்ல பகுதியை எடுத்துப் பிள்ளைக்காம்பராவுக்கு அலுமாரித் தட்டு அடித்தார்கள். மெஷின் கொட்டகையின் இரும்பில் கக்கூசுக்கும் குளியலறைக்கும் கூரை போட்டார்கள். வேலை முடிய ஒன்றரை வருஷம் ஆனது. அதற்கிடையில் மேல் மலையில் அந்தக் குடும்பங்களில் பாதிப் பேருக்கு வீடு கிடைத்தது. மிச்சப் பேர் இன்னும் உறவுக்காரர் லயங்களில் காத்திருக்கிறார்கள். எல்லாம் நல்லபடி முடிந்தது என்று சொல்ல முடியாது.

உள்சுவருக்கு அடித்த பச்சை வர்ணம் சின்னராசாவுக்கு இன்றைக்கும் பிடிக்காது. ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது என்பார். கிளினிக் இருக்கிற இடம் அப்படித்தானே இருக்கும் என்று நர்சு சொல்லுவாள். புதுச் சன்னல் கொக்கி மட்டமானது என்று பக்கீரிடம் போய்ச் சண்டை பிடித்தார். பக்கீர் பேசாமல் நூற்றிப் பன்னிரண்டுக்கும் பித்தளைக் கொக்கி வரவழைத்துக் கொடுத்தார்.

போன வருஷம் சின்னராசாவுக்கு அறுபது வயது முடிந்து வேலையிலிருந்து நின்றார். அவர் இடத்துக்கு ஆள் போடவில்லை. காலை ஆறு மணிக்குப் பிள்ளைக்காம்பரா திறந்தால் இருட்டும் வரை யாராவது உள்ளே இருந்துகொண்டேயிருக்கிறார்கள், காவலுக்கு அவசியமில்லை. ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டு நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். மைக்கை வாங்கினார். "பலகையில தண்ணி ஊத்தாதீங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

அடுப்பறையில் இப்போது ஜீவராணியும் நிஷாந்தியும் சேர்ந்து ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை கிளினிக் நாள். பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் வயிற்றுப் பிள்ளைக்காரிகள் வருவார்கள். பத்து மணிக்கெல்லாம் ரொட்டிக்கும் கட்டச் சம்பலுக்கும் வாசல் வரை வரிசை நிற்கும். அப்படி ஒரு செவ்வாய்க்கிழமை சின்னராசா நேராக உள்ளே போய், "ஜீவா, எனக்கு ரெண்டு வையி" என்றார்.

ஜீவராணி தலையைத் திருப்பவில்லை. மாவைத் தட்டிக்கொண்டே, "வரிசையில நில்லுங்க. முன்னால எத்தன பேரு நிக்கிறாங்க பாருங்க" என்றாள்.

முன்னால் நின்ற பெண், நிறைமாசக்காரி, சிரித்துக்கொண்டே வழி விடப் பார்த்தாள். சின்னராசா வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, கடைசி ஆளுக்குப் பின்னால் போய் நின்றார்.